ஒரு யூனிட்டுக்குக் கீழே

நிலையத்தின் சவ்வுகள் கிழிந்த அன்றுதான் அது நாட்டின் தலைசிறந்த நிலையம் ஆனது. மேலிடத்தில் எல்லோரும் இதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள். ஏற்க முடியாமல் தவித்தவர் நிலையத்தின் ஆபரேட்டர் ஒருவர்தான்.

ஊர்க்கோடியில் கடலைப் பார்த்தபடி இருந்தது அந்த நிலையம். கூரையிலும் பக்கத்துத் திடலிலுமாக நூற்றிருபது சோலார் பலகைகள். உள்ளே ஒரு பெரிய பம்பு, ஆறு நீண்ட வெள்ளைக் குழாய்கள், ஒவ்வொரு குழாய்க்குள்ளும் பாயைச் சுருட்டி வைத்தது போல ஒரு சவ்வு. வெயில் பம்பை ஓட்டும். பம்பு கடல்நீரைச் சவ்வின் மேல் முட்டித் தள்ளும். உப்பு இந்தப் பக்கமே நின்றுவிட, நல்ல தண்ணீர் அந்தப் பக்கம் கசிந்து தெருக்குழாய்க்குப் போகும். முந்நூறு குடும்பங்கள் அதைக் குடித்தன.

ஆபரேட்டரை ஊரில் ‘தண்ணிக்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாலு வருஷமாக, காலையில் பம்பு சூடு பிடித்ததும் வரும் முதல் டம்ளர் தண்ணீரை அவர்தான் குடிப்பார். அப்படிக் குடிக்கச் சொல்லி எந்த உத்தரவும் கிடையாது. ஊருக்குக் கொடுப்பதைத் தான் ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டாமா என்பது அவர் கணக்கு.

அன்று காலை பம்பின் சத்தமே வேறாக இருந்தது. தினமும் முக்கி முனகி ஓடுவது, பொதி இறக்கிய கழுதை மாதிரி லேசாக ஓடியது. அழுத்தத்தைக் காட்டும் முள் ஐம்பத்தைந்தில் நிற்பதற்குப் பதிலாகப் பதினெட்டில் நின்றது. தண்ணீரோ இரண்டு மடங்காகக் கொட்டியது. ஒரு டம்ளர் பிடித்து வாயில் ஊற்றியவர் அப்படியே துப்பினார். கடல்நீரேதான்.

உடனே பம்பை நிறுத்தி, குழாய்களைத் திறந்து பார்த்துவிட்டுப் பிரிவுப் பொறியாளருக்கு போன் செய்தார்.

“சார், மணல் வடிகட்டி உடைஞ்சு மணல் உள்ள போயிடுச்சு. ஆறு சவ்வும் கிழிஞ்சு போச்சு. உப்புத் தண்ணி வந்த மாதிரியே வெளிய போகுது. நிலையத்தை நிறுத்தி வெச்சிருக்கேன்.”

“நிறுத்திட்டீங்களா? யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?”

“குடிக்க முடியாது சார்.”

“குடிக்கிறதைப் பத்தி யாருய்யா பேசுனா? நிறுத்துனா லிட்டர் பூஜ்யம். கரண்டை லிட்டரால வகுத்துத்தான் கம்ப்யூட்டர் மார்க் போடுது. பூஜ்யத்தால எப்படி வகுக்கும்? ஒரு நிலையம் நின்னா பிரிவு மொத்தத்துக்கும் அறிக்கை வராது. முதல்ல ஓட விடுங்க.”

“உப்பு எவ்வளவுன்னு அறிக்கையில எங்க சார் எழுதறது?”

“அந்தக் கட்டத்தைத்தான் போன வருஷமே எடுத்தாச்சே!”

எடுத்திருந்தது உண்மைதான். முன்பு தண்ணீர்த் தரத்துக்கென்று ஒரு துறை இருந்தது. நிர்வாகத்தைச் சீராக்குகிறோம் என்று அதை ஆற்றல் சிக்கன ஆணையத்தோடு சேர்த்தார்கள். சேர்ந்த மறுநாளே, ‘ஆற்றலுக்குத் தொடர்பில்லாத விவரங்கள்’ என்று சொல்லி, தினசரி அறிக்கையிலிருந்து உப்புக் கட்டத்தை நீக்கினார்கள். எத்தனை யூனிட் மின்சாரம் செலவானது, எத்தனை லிட்டர் வெளியே வந்தது, ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் ஆகிறது, இவைதான் மிச்சம்.

தண்ணிக்காரர் பம்பை மறுபடி ஓட விட்டார். தெருக்குழாய் மேல் ‘பாத்திரம் கழுவ மட்டும், குடிக்க அல்ல’ என்று ஓர் அட்டையைக் கட்டினார்.

மூன்றாம் நாள் பிரிவுப் பொறியாளரே போன் செய்தார். குரலில் தேன் வடிந்தது.

“என்ன பண்ணுனீங்க? நாலு யூனிட் ஆயிட்டிருந்த இடத்துல முக்கால் யூனிட் காட்டுதே! ஆணையர் கூப்பிட்டு விசாரிச்சார்.”

“சவ்வு கிழிஞ்சிருக்கு சார். தடுக்க ஒண்ணுமில்லாததால பம்புக்கு வேலையே இல்ல. அன்னைக்கே சொன்னேனே.”

“இதான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது. அடக்கம்.”

*

புதுச் சவ்வு வேண்டுமென்று தண்ணிக்காரர் எழுதிய கடிதத்துக்குப் பத்தாம் நாள் பதில் வந்தது. ‘உதிரிப் பாகங்கள் தரவரிசையில் கடைசி இடம் பெற்ற நிலையத்துக்கே வழங்கப்படும். தங்கள் நிலையம் முதலிடத்தில் உள்ளதால் தங்கள் கோரிக்கை பாராட்டுடன் நிராகரிக்கப்படுகிறது.’

“பாராட்டோட நிராகரிக்கிறதா? அது எப்படிங்க?” என்றாள் அவர் மனைவி. அவள் தையற்காரி. வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே பேசுவாள். “கன்னத்துல அறைஞ்சுட்டு, கன்னம் அழகா இருக்குன்னு சொல்ற மாதிரியா?”

வீட்டில் மூன்றாவது ஆளாக அவருடைய அக்கா இருந்தாள். இதயம் பலவீனமானவள். உப்பை மருந்து மாதிரி அளந்து சாப்பிடச் சொல்லியிருந்தார் டாக்டர். காலில் வீக்கம் கண்டால் உடனே வர வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அவளுக்காக மனைவி ஒன்றுவிட்டு ஒரு நாள் பஸ்ஸில் ஒன்பது கிலோமீட்டர் போய், அடுத்த நிலையத்திலிருந்து இரண்டு கேன் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்த நிலையத்தை நடத்தியவருக்கு ‘மீசை’ என்று பெயர். தங்கமான மனிதர். கேனைத் தானே தூக்கி பஸ்ஸில் வைப்பார்.

ஊரில் எல்லோராலும் பஸ்ஸில் போய்வர முடியவில்லை. முடியாதவர்களுக்கு ஊர்க்கிணற்றின் கரிப்புத் தண்ணீர்தான். தெருமுனையில் முடி வெட்டும் கடை வைத்திருந்தவரை ‘கத்திரி’ என்பார்கள். அவர் வீட்டில் நாலு மாதக் கைக்குழந்தை. தாய்க்குப் பால் போதாமல் பால் பவுடர் கரைத்துக் கொடுத்து வந்தார்கள். ஒரு நாள் அவர் கையில் பால் புட்டியோடு நிலையத்துக்கே வந்துவிட்டார்.

“அண்ணே, குழந்தை வாயில வெச்சா துப்புது. உங்க முதல் இடத்தைக் கரைச்சா ஊத்த முடியும்?”

தண்ணிக்காரர் தன் மதியச் சாப்பாட்டுப் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அன்று அவர் தண்ணீர் குடிக்கவில்லை.

*

தலைமை அலுவலகத்தில் விழா எடுத்தார்கள். மேடையில் இருந்த ஒவ்வொருவர் முன்னாலும் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில். ஆணையர் முக்கால் மணி நேரம் பேசினார்.

“கடல்நீரை நல்ல தண்ணியாக்க ஆயிரம் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்டாவது வேணும், அதுக்குக் கீழ போகவே முடியாதுன்னு இயற்பியல் புத்தகம் சொல்லுது. இது இயற்கையோட விதியாம். நான் ஒண்ணு கேக்கறேன். இந்த விதியைப் போட்டப்போ நம்ம ஆணையத்தைக் கலந்துக்கிட்டாங்களா?” அரங்கம் கைதட்டியது. “நம்ம ஆபரேட்டர் முக்கால் யூனிட்ல முடிச்சிட்டார். ஏன்னா அவர் புத்தகம் படிக்கல. நானும் படிக்கல. படிச்சிருந்தா பயந்திருப்போம்.”

மறுபடி கைதட்டல். கேடயத்தை வாங்கிக்கொண்ட தண்ணிக்காரர் மைக் பக்கம் போனார். வீட்டில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்த ஒரே வரி அவரிடம் இருந்தது.

“ஐயா, தண்ணி உப்பு கரிக்குதுங்க.”

ஆணையர் சிரித்துக்கொண்டே மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

“பாருங்க, இந்த நேரத்துலயும் குறை சொல்லிக்கிறார்! முழுமையைத் தேடுற மனசு. கடல்லேர்ந்துதானே எடுக்கறோம்? பிறந்த வீட்டு வாசனை கொஞ்சம் இருக்கத்தானே செய்யும்? ஆனாலும் ஆணையம் எந்தக் கருத்தையும் தள்ளுறதில்லை. இதை ஆராய ஒரு குழு போடறேன்.”

‘கரிப்பு பற்றிய உணர்வை ஆராயும் குழு’ இரண்டு வாரத்தில் ஊருக்கு வந்தது. மூன்று பேர், கையில் அச்சடித்த கேள்வித்தாள். ‘தண்ணீர் கரிப்பதாகத் தாங்கள் உணர்வது காலையிலா, மாலையிலா? அவ்வாறு உணரும்போது தங்கள் மனநிலை யாது?’ என்று வீடு வீடாகக் கேட்டார்கள்.

“நீங்க ஒரு வாய் குடிச்சுப் பாருங்களேன்” என்று தையற்காரி டம்ளரை நீட்டினாள்.

குழுத் தலைவர் இரண்டு அடி பின்வாங்கினார். “அம்மா, நாங்க குடிச்சா அது எங்க கருத்தாயிடும். குழு நடுநிலையா இருக்கணும்.”

அறிக்கை வந்தது. பதினாலு வருஷம் மிக நல்ல தண்ணீரைக் குடித்ததால் ஊராரின் நாக்கு செல்லம் கொடுக்கப்பட்ட நிலையில் இருக்கிறதாம். சனிக்கிழமைகளில் நாக்குப் பழக்க முகாம் நடத்தப் பரிந்துரை செய்தார்கள். தெருக்குழாயின் மேலிருந்த அட்டை, அங்கீகரிக்கப்பட்ட வாசகங்களின் பட்டியலில் இல்லாததால் கழற்றப்பட்டது. ‘ஒவ்வொரு துளியும் சிக்கனம்’ என்று வேறொன்று மாட்டினார்கள். இனி கண்ட வாசகத்தை எழுதி மாட்டினால் ஒழுங்கு நடவடிக்கை என்று தண்ணிக்காரரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு தண்ணிக்காரர் காலை முழுவதும் தெருக்குழாய் பக்கத்திலேயே நின்றார். குடத்தோடு வருகிற ஒவ்வொருவரிடமும், “குடிக்காதீங்க, கழுவ மட்டும் எடுத்துக்கோங்க” என்று வாயால் சொன்னார். எல்லோருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. அவருக்குத்தான் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

*

விழாவால் இன்னொரு காரியமும் நடந்தது. ஒரு யூனிட்டுக்கு மேல் செலவாகும் எல்லா நிலையங்களுக்கும் விளக்கம் கேட்டு ஓலை போனது. முக்கால் யூனிட்டில் ஒரு நிலையம் ஓடும்போது மற்றவர்களுக்கு ஏன் நாலு யூனிட் ஆகிறது? ஒரு மாதத்துக்குள் திருந்தாவிட்டால் வேலைநீக்கம்.

ஒரு நாள் மதியம் மீசை வந்து நின்றார். முகம் களையிழந்திருந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அண்ணே, மறைக்காம சொல்லுங்க. எப்படிக் கிழிச்சீங்க?”

“நான் எங்கய்யா கிழிச்சேன்? மணல் போய்த் தானா கிழிஞ்சுது.”

“மணலா? எவ்வளவு போடணும்?”

தண்ணிக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “வேண்டாம்யா. உன் தண்ணியைத்தான் எங்க அக்கா குடிக்கிறா.”

“எனக்கு மூணு பிள்ளைங்கண்ணே” என்றார் மீசை. மறு வாரம் தையற்காரி இரண்டு கேனோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். வீட்டுக்கு வந்து ஊற்றிப் பார்த்தால், கரித்தது.

கிணற்றுத் தண்ணீரைக் குடித்ததில் அந்த வாரமே அக்காவின் கணுக்காலில் வீக்கம் தெரிந்தது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது.

“டாக்டர்கிட்ட போலாம்க்கா.”

“போனா என்ன சொல்வார்? உப்பைக் குறைக்கச் சொல்வார்” என்றாள் அக்கா. “சாப்பாட்டுல உப்பே போடறதில்ல தம்பி. தண்ணியிலேர்ந்து எப்படிடா எடுக்கறது?”

அதைத்தானே பதினாலு வருஷமாகச் செய்துகொண்டிருந்தோம் என்று அவருக்குத் தோன்றியது.

முதலிடத்தில் இருந்தால்தானே சவ்வு தர மாட்டார்கள், கடைசிக்குப் போய்விடுவோம் என்று ஒரு வழி கண்டுபிடித்தார். நிலையத்து மின்சாரத்தை வீணாக்க ஆரம்பித்தார். பகலில் எல்லா விளக்கையும் எரிய விட்டார். மனைவி தையல் மெஷினைக் கொண்டுவந்து அங்கேயே தைத்தாள். கத்திரி வாடிக்கையாளர்களை வரிசையாக உட்கார வைத்து மெஷினால் முடி வெட்டினார். ஊரே துணி இஸ்திரி போட்டுக்கொண்டது. ஐந்து நாளில் எண் ஒன்றரை யூனிட்டுக்கு ஏறியது. ஆறாம் நாள் சந்தோஷமாக ஆணையத்தின் பட்டியலைப் பார்த்தார். இருபத்தெட்டாவது இடம். கடைசி நிலையம் அறுபதாவது.

ஏழாம் நாள் பிரிவுப் பொறியாளர் வந்து இஸ்திரிப் பெட்டிகளைப் பறிமுதல் செய்துகொண்டு போனார்.

*

அந்த அறுபதாவது இடத்து நிலையம் எங்கோ ஒரு மூலையில் இருந்தது. அங்கே இருந்தவர் ஓய்வு பெற ஒரு மாதமே இருந்ததால், எதற்கும் பயப்படாமல் நல்ல தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். நாட்டில் வந்து இறங்கிய சவ்வெல்லாம் விதிப்படி அவருக்கே போனது. வைக்க இடமில்லாமல் அவர் திருப்பி அனுப்ப, மத்திய ஸ்டோரில் கூரை வரை அடுக்கிக் கிடந்தன.

ஸ்டோர் கீப்பர் முன்னால் போய் தண்ணிக்காரர் நின்றார். கடிதம் எதையும் நீட்டவில்லை. செல்போனில் அக்காவின் காலைப் படமெடுத்து வைத்திருந்தார். அதைக் காட்டினார்.

ஸ்டோர் கீப்பர் வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு ஒரு தாளை எடுத்து, ‘எலி கடித்த கழிவு, ஆறு உருப்படி’ என்று எழுதினார்.

“என் அம்மாவுக்கும் இதே வியாதிதான்யா. புதுசைக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. குப்பையைத் தூக்கிப் போட அதிகாரம் இருக்கு. பின்பக்கம் வண்டியைக் கொண்டா.”

காய்கறி வண்டியில் ஆறு சவ்வும் வந்து சேர்ந்தன. கணவனும் மனைவியுமாக ஒரே பகலில் மாட்டினார்கள். வடிகட்டியைத் தையற்காரியே மூன்றடுக்குத் துணியில் தைத்துக் கொடுத்தாள். பம்பு மறுபடி முக்கி முனகியது. முள் ஐம்பத்தைந்துக்கு ஏறியது. முதல் டம்ளரை மனைவி குடித்தாள். டம்ளரை அவரிடம் நீட்டினாள். கண் கலங்கியிருந்தது.

ஒன்பது நாள் ஊர் நல்ல தண்ணீர் குடித்தது. அக்காவின் வீக்கம் வடிய ஆரம்பித்தது. கத்திரி குழந்தையைத் தூக்கி வந்து, புட்டியை அது காலி செய்வதை நிலைய வாசலிலேயே நின்று எல்லோருக்கும் காட்டினார்.

*

பத்தாம் நாள் காலை ஆணையர் வந்தார். ‘மாதிரி நிலைய’த்தைப் பார்க்க வெளிநாட்டு விருந்தினர் நாலு பேர் கூடவே வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு பெண்மணி, யாரும் எதிர்பாராதபடி, தெருக்குழாயில் கையேந்திக் குடித்துவிட்டார். ஆணையரின் முகம் வெளுத்தது. அந்த அம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டு, பிரமாதம் என்று கையைக் காட்டினார்.

ஆணையர் தயங்கித் தயங்கித் தானும் ஒரு வாய் குடித்தார். பிறகு டம்ளர் முழுவதும் குடித்தார்.

“இதையாய்யா கரிக்குதுன்னு சொன்னாங்க? என்ன ஜனங்கள்!” என்றார்.

விருந்தினர் டீ குடிக்கப் போனதும் பிரிவுப் பொறியாளர் ஆணையர் காதில் எதையோ சொல்லி ஒரு தாளைக் காட்டினார். நாலேகால் யூனிட். ஆணையர் தண்ணிக்காரரைக் கூப்பிட்டார்.

“என்னய்யா இது?”

தண்ணிக்காரர் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். ஸ்டோர் கீப்பரை மட்டும் சொல்லவில்லை. ஆணையர் பொறுமையாகக் கேட்டார்.

“ஆக, தண்ணி நல்லாயிடுச்சு. நம்பர் கெட்டுப் போச்சு.”

“ஆமாங்கய்யா. அது அப்படித்தாங்க. உப்பைப் பிரிக்கணும்னா பம்பு கஷ்டப்பட்டுத்தான் ஆகணும்.”

“மதியத்துக்குள்ள பழைய சவ்வை மாட்டிடுங்க” என்றார் ஆணையர் பொறியாளரைப் பார்த்து.

“ஐயா, இப்பத்தானே நீங்களே குடிச்சீங்க!”

“குடிச்சேன். தனிப்பட்ட முறையில எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது.” ஆணையர் அவர் தோளில் கை வைத்தார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “ஆனா ஆணையரா முடிவெடுக்கும்போது நான் நாக்கைக் கலக்கக் கூடாது. உங்களைப் பார்த்து அம்பத்தெட்டு நிலையம் மாறியிருக்கு. இப்ப நீங்க பழையபடி நாலு யூனிட்டுக்குப் போனா, அவங்க உழைப்பெல்லாம் என்னாகறது? சொல்லுங்க.”

பழைய சவ்வுகளைத் தூக்கிப் போடத் தண்ணிக்காரருக்கு அதிகாரம் இல்லாததால் அவை மூலையில் பத்திரமாகவே இருந்தன. பொறியாளர் கூட்டி வந்த ஆட்களுக்குக் குழாயைத் திறக்கத் தெரியவில்லை. ஸ்பேனரைத் தண்ணிக்காரர் கையிலேயே கொடுத்தார் பொறியாளர்.

செய்தி கேட்டதும் தையற்காரி வீடு வீடாக ஓடினாள். இருக்கிற குடம், வாளி, அண்டா, பால் புட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஊர் வந்து வரிசையில் நின்றது. உள்ளே தண்ணிக்காரர் ஒவ்வொரு மரையையும் எவ்வளவு மெதுவாகத் திருக முடியுமோ அவ்வளவு மெதுவாகத் திருகினார். முதல் குழாயைக் கழற்றவே ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். “கை வழுக்குது சார்” என்றார். மிச்ச ஐந்து குழாயும் வெளியே தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தன. குடம் நிறைகிற சத்தம் மட்டும் கேட்டது.

கடைசிக் குழாயைக் கழற்றும்போது மணி மூன்று. வரிசையில் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் காலிக் குடத்தோடு திரும்பிப் போவதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பணி முடிந்தது என்று தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டார்.

வீட்டில் நடை கொள்ளாமல் பாத்திரங்கள். மூடி இல்லாதவற்றின் மேல் மனைவி துணி கட்டி வைத்திருந்தாள். அக்கா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“எத்தனை நாளைக்கு வரும் தம்பி?”

அவர் பாத்திரங்களை எண்ணினார். “நாங்க தொடாம உனக்கு மட்டும்னா, பத்தொன்பது நாள்.”

“கத்திரி வீட்டுல பிடிச்சாங்களா?”

“வரிசையில கடைசியா நின்னாங்க. கிடைக்கல.”

அக்கா நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். “அந்தக் குழந்தைக்கும் சேர்த்து எண்ணு” என்றாள்.

அவர் மறுபடி எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார்.

“பதினொண்ணு.”

“சரி, பதினொண்ணுன்னே வெச்சுக்கோ” என்றாள் அக்கா. “வெயில் இறங்கறதுக்குள்ள கொண்டு போய்க் கொடுத்துட்டு வா.”

தண்ணிக்காரர் இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு, தளும்பாமல் தெருவில் நடந்தார்.